சாட்டை சொடுக்கப் பழக எந்த நிலம் நல்லம்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில புதுசா தொடங்கிற ஆக்களுக்கு

புதுசா சாட்டை வாங்கப் போற ஆக்கள் எத்தனை அடி எடுக்கிறது, தோல் நல்லமா நைலோன் நல்லமா, எங்க மலிவு எண்டெல்லாம் விசாரிப்பாங்க, ஆனா எங்க நிண்டு அடிக்கிறது எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. வாங்கின அண்டைக்கே வீட்டு முற்றத்துச் சீமெந்தில நிண்டு விளாசிட்டு, ரெண்டு நாளில நுனி பிஞ்சு போச்சு, சாமான் சரியில்ல எண்டு கடைக்காரனைத் திட்டுவாங்க. சாட்டையில பிழை இல்ல, நிண்ட இடத்திலதான் பிழை. பழகிற காலத்தில உங்கட சாட்டை காத்தில இருக்கிற நேரத்தை விட நிலத்தில இழுபடுற நேரம்தான் கூட, ஒவ்வொரு சொடுக்குக்கும் முதல் பின்னால நீட்டிப் போடுறீங்க, சொடுக்கினதுக்குப் பிறகு முன்னால விழுது, மறுகா இழுத்து எடுக்கிறீங்க, இதில வெடிச்சது பாதி, வெடிக்காதது பாதி. நல்லாப் பழகின ஆக்கள்ட நுனி தலைக்கு மேலயே வெடிச்சிட்டுத் திரும்பிடும், அதனாலதான் கண்டிப் பெரஹெராவில முன்னுக்குப் போற சவுக்குக்காரர் தார் ரோட்டில நிண்டு அடிச்சாலும் சமாளிக்கிறாங்க. அதைப் பாத்திட்டு நாமளும் ரோட்டில இறங்க ஒண்ணா.

நிலத்தைப் பத்திக் கதைக்க முதல் சாட்டைட நுனியைக் கொஞ்சம் பாத்துக்குவம். கைபிடி, அதுக்குப் பிறகு வரவர மெலிஞ்சு போற பின்னல், பின்னல் முடியிற இடத்தில முடிச்சுப் போட்டுக் கட்டின ஒத்தை வார், அதைத்தான் ஃபோல் எண்டுறது, அதுட கடைசியில நூலை முறுக்கிக் கட்டின ஒரு குஞ்சம், அது பொப்பர். பொப்பர் தேஞ்சா அஞ்சு நிமிசத்தில நைலோன் நூலில புதுசு முறுக்கிக் கட்டலாம், ஃபோல் தேஞ்சாலும் மாத்தலாம், ரெண்டும் தேயுறதுக்கெண்டே இருக்கிற சாமான். ஆனா ஃபோலைக் கட்டின அந்த முடிச்சுக்கு மேல இருக்கிற பின்னல்ட மெல்லிய நுனி தேஞ்சு இழை அறுந்தா அது பின்னத் தெரிஞ்ச ஆள்ட்டத்தான் போகணும், நம்மட பக்கம் அப்பிடி ஆளைத் தேடிப் பிடிக்கிறது லேசில்ல. நிலம் தெரிவு செய்யக்குள்ள நீங்க காப்பாத்தப் பாக்கிறது அந்தக் கடைசி ஒரு அடியைத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கு. கையால குடுக்கிற வேகம் ஒரு வளைவா பின்னல் வழியா ஓடி, மெலிய மெலிய வேகம் ஏறி, நுனிக்கு வரக்குள்ள ஒலியிட வேகத்தையே தாண்டும், அது செக்கனுக்குக் கிட்டத்தட்ட 340 மீற்றர். 2002ல அரிசோனாப் பல்கலைக்கழகத்தில கோரியேலி, மக்மிலன் எண்ட ரெண்டு பேர் கணக்குப் போட்டுக் காட்டினதும் இதைத்தான், அந்த வெடிச் சத்தத்தைக் கிளப்புறது ஓடி வாற அந்த வளைவு. அப்ப அந்த வளைவு கடைசி வரைக்கும் ஒரு இடத்திலயும் மாட்டாம ஓட வேணும். ஃபோல் ஒரு புல்லுக் குத்தில சிக்கினாலோ ஈர மண்ணில ஒட்டினாலோ வளைவு பாதியில செத்துப் போகும், சத்தம் வராது, நீங்க உங்கட கை பிழை எண்டு நினைச்சு இன்னும் பலமா விசுக்குவீங்க, அதோட பிழையான பழக்கமும் கையில ஏறிடும், தோள்மூட்டும் நோகும்.

முதல் வேலை, இடத்தை அளக்கிறது. 6 அடிச் சாட்டை எண்டா 6 அடி காணும் எண்டு நினைக்காதீங்க. கைபிடியோடயே பின்னல் ஒண்டா வாற புல்விப் (bullwhip) சாட்டையில அந்த 6 அடிக்குள்ள கைபிடியும் பின்னலும் மட்டும்தான், ஃபோல் ஒரு ரெண்டு அடி, பொப்பர் அரை அடி, அதெல்லாம் வேற. அவுஸ்திரேலியாக்காரர் மாடு சாய்க்கிற ஸ்டொக்விப் எண்டா கைபிடியும் அந்தக் கணக்கில வராது. அதுக்கு மேல உங்கட கை நீளம் ரெண்டரை அடி. எல்லாத்தையும் கூட்டினா 11 அடி வருது, கால் தடுமாறி ஒரு எட்டு வைச்சா இன்னும் கூட. அதனால 6 அடிச் சாட்டைக்கு 15 அடிக் கயிறு ஒண்டு எடுத்து, நடுவில ஒரு குத்தி அடிச்சு, கயிறைப் பிடிச்சிட்டு ஒரு சுத்து நடந்து பாருங்க. அந்த வட்டத்துக்குள்ள மரம், வேலி, கல்லு, மாடு, ஆக்கள் ஒண்டும் இருக்க ஒண்ணா. நடக்கக்குள்ளயே நிலத்தையும் பாத்துட்டு வாங்க, மேடு பள்ளம் அப்பதான் காலுக்குத் தெரியும். முக்கியமா உங்கட பின்பக்கம் வரம்பு, அணைக்கட்டு மாதிரி உயந்து இருக்கக் கூடாது, சாட்டையைப் பின்னால போடக்குள்ள நுனி அந்த மேட்டில போய் மொத்தும். பிறகு அண்ணாந்து பாருங்க, கரண்ட் வயர் போகுதா, கிளை தொங்குதா எண்டு. தென்னந்தோட்டம் நிழலா இருக்கும், ஆசையாயும் இருக்கும், ஆனா கீழ கிடக்கிற ஈர்க்கிலும் குரும்பட்டியும் ஃபோலைச் சுத்திப் பிடிக்கும், மேல இருந்து தேங்காய் விழுறது வேற கதை.

அளந்தாச்சா, இனி நிலத்தைச் சோதிக்கணும். இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு வெறுங்கால். செருப்பைக் கழட்டிட்டு அந்த வட்டத்துக்குள்ள காலை உரசி உரசி நடந்து பாருங்க, உங்கட குதிக்காலுக்கு நோகிற நிலம் சாட்டைக்கும் நோகும், நெருஞ்சி முள் இருந்தா உடன காட்டிக் குடுத்திடும். ரெண்டாவது நூல் சோதனை, இது எனக்கு நல்லாப் பிடிச்சது. ஹாட்வெயார் கடையில விக்கிற மெல்லிய நைலோன் கயிறில ரெண்டு முழம் வெட்டி, ஒரு நுனியை ரெண்டு அங்குலத்துக்குப் பிரிச்சு விடுங்க, பிரிச்ச இடத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு சின்ன நட்டைக் கட்டுங்க, அது நிலத்தோட அமத்திப் பிடிக்கும். இப்ப மெதுவா இருபது எட்டு இழுத்திட்டு நடந்திட்டு, நுனியை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்க. காஞ்ச கட்டைப் புல்லில இழுத்திருந்தா இழை எல்லாம் நீளமா அப்பிடியே இருக்கும், கொஞ்சம் பச்சைக் கறை பட்டிருக்கும், அவ்வளவுதான். கிறவலில இழுத்திருந்தா இழை சுருண்டு பொங்கி நிக்கும், இடையில சிவப்புப் புழுதி ஏறி இருக்கும். சீமெந்தில இழுத்திருந்தா நுனி கட்டையாப் போயிருக்கும், விரலால தடவினா பஞ்சு மாதிரி வரும். கடற்கரையில இழுத்ததை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு மேல தட்டிப் பாருங்க, எவ்வளவு மணல் உள்ளுக்குப் போயிருக்கெண்டு அப்ப தெரியும். சாட்டை வெளியில வர முதலே இந்தச் சோதனையை முடிச்சிட்டா நூல் துண்டோட நட்டம் போயிடும்.

சரி, நம்மட பக்கம் என்னென்ன நிலம் இருக்கு எண்டு பாப்பம்.

எல்லாத்திலயும் நல்லது கட்டையா இருக்கிற காஞ்ச புல்லு, அதில எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல. அறுகம்புல் நிலத்தோட படர்ந்து மெத்தை மாதிரிக் கிடக்கிற இடம் கிடைச்சா விடாதீங்க, அது மண்ணை மூடி வைச்சிருக்கும், பொப்பர் மண்ணைத் தொடாது, காலுக்கும் பிடி இருக்கும். புல்லுட உயரம் உங்கட விரல் ஒண்டுட அகலத்துக்கு மேல போகாம இருந்தா நல்லம். கணுக்கால் உயரத்துக்கு வளந்திருந்தா ஃபோல் ஒவ்வொரு தரமும் முடிச்சுப் போட்டுக் கொண்டு வரும், அதுக்குள்ள புடையன் படுத்திருந்தாலும் தெரியாது. ஸ்கூல் கிரவுண்ட், கழகங்கள்ட மைதானம் எல்லாம் புல்லு வெட்டி இருக்கும், ஆனா பிள்ளைகள் விளையாடுற நேரத்தில போக ஒண்ணா, அதிபர்ட்டயோ கழகத்திட்டயோ கேட்டுட்டுப் போங்க. அங்க போனாலும் கிரிக்கட் பிச் பக்கம் நிக்காதீங்க, தும்பு மெட் விரிச்சிருந்தா அது பொப்பரைப் பிடிச்சு இழுக்கும், மெட் இல்லாட்டி அடியில இருக்கிறது கொங்கிறீட். பவுண்டரிப் பக்கத்துப் புல்லுதான் உங்கட இடம்.

மைதானம் இல்லாட்டி குளத்துப் பக்கம் போங்க. கோடையில குளத்துத் தண்ணி பின்வாங்கினதும் வெளிக்கிற உள்பக்கத்து நிலத்தில மாடு மேஞ்சு மேஞ்சு புல்லு வெட்டி வைச்ச மாதிரி கட்டையா இருக்கும், உன்னிச்சைக் குளம் போல பெருசோ ஊருக்குள்ள கிடக்கிற சின்னக் குளமோ, படுவான்கரைப் பக்கம் இதுக்குக் குறைவில்ல. சனமும் இல்ல, வயரும் இல்ல, வட்டம் எவ்வளவு பெருசா வேணுமெண்டாலும் போடலாம். ஆனா எருமை ஈரத்தில நடந்த கால் தடம் வெயிலில காஞ்சு கல்லாப் போய் நிக்கும், புல்லு மூடி இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது, கணுக்கால் பிரண்டிடும், அந்த வட்டம் நடக்கிற வேலையை இங்கதான் ரெண்டு தரம் செய்யணும். சாணி கிடக்கும், அதையும் பாத்துக்கங்க, தோல் பின்னலுக்குள்ள சாணி போனா எடுக்கிறது பெரும் பாடு. பொழுதுபட முதல் அங்க இருந்து வெளிக்கிட்டிடுங்க, யானை தண்ணிக்கு வாற நேரம் அது, சாட்டைச் சத்தத்துக்கு யானை ஓடும் எண்டு நம்பி நிக்கிறது விசர் வேலை.

அறுவடை முடிஞ்ச வட்டை பாக்கக்குள்ள சரியான நல்ல இடம் மாதிரித் தெரியும். பெரும்போகம் வெட்டி முடிஞ்சதும் மாசி பங்குனியில சம்மாந்துறைப் பக்கம் போனா கண்ணுக்கெட்டின தூரம் வெட்டவெளி. இறங்கினாத்தான் விளங்கும், மெசின் வெட்டிட்டுப் போன தாள்கட்டை அரை அடி உயரத்துக்கு ஊசி ஊசியா நிக்கும், பொப்பர் ஒவ்வொண்டிலயும் சிக்கும், மெசின்ட சில்லுத் தடம் வேற பள்ளமாக் கிடக்கும். மாடு விட்டு மேஞ்சு, தாள் மிதிபட்டு மடிஞ்ச வயல் எண்டா ஓரளவுக்குப் பரவாயில்ல. போடியார்ட்ட அல்லது வயல் செய்யிறவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க, அதுக்கு முதல் வயலில வைக்கோல் கிடக்கா எண்டும் பாருங்க, வைக்கோலுக்குள்ள சாட்டையைப் போட்டு எடுத்தா அடுத்த அரை மணித்தியாலம் அதைப் பிரிக்கிற வேலைதான்.

கடற்கரையைப் பத்தி எல்லாரும் கேப்பாங்க, எழுவான்கரையில இருக்கிற நமக்கு வீட்டு வாசலிலயே கடல்தானே. கல்லடியோ பாசிக்குடாவோ அறுகம்பையோ, மணல் எண்டா மணல்தான். உலர்ந்த குருமணலில கால் புதையும், சாட்டை இழுபடக்குள்ள மணலைக் கூட்டிக் கொண்டு போய் முகத்தில வீசும், அதை விட மோசம் மணல் பின்னலுக்குள்ள போய் இருந்துகொண்டு நீங்க ஒவ்வொரு தரமும் வளைக்கக்குள்ள உள்ளுக்குள்ளயே அறுக்கிறது, வெளியில பாத்தா ஒண்டும் தெரியாது. உப்பும் சேரும். தோல் சாட்டையைக் கடற்கரைக்குக் கொண்டு போகவே வேணாம், இதில பேச்சே இல்ல. நைலோன் எண்டா, வேற இடமே இல்லையெண்டா, அலை ஏறி இறங்கி இறுகின ஈர மணலுக்கும் அடம்பன் கொடி தொடங்கிற இடத்துக்கும் இடையில கொஞ்சம் கெட்டியான தரை இருக்கும், அதில நிண்டு பழகலாம். அடம்பன் கொடிக்குள்ளயோ இராவணன் மீசைக்குள்ளயோ போக ஒண்ணா, ரெண்டும் நுனியை விடாது. வீட்டுக்கு வந்ததும் வாளியில நல்ல தண்ணி எடுத்து, கொஞ்சம் சவர்க்காரம் போட்டு, சாட்டையை மடிச்சு மடிச்சுக் கழுவி, நிழலில தொங்க விடுங்க. வாளிக்கு அடியில தங்கிற மணலைப் பாத்தா அடுத்த முறை நீங்களாவே புல்லுத் தேடிப் போவீங்க.

காத்தையும் சேத்துப் பாருங்க. கரையோரத்தில வெயில் ஏற ஏறக் கடல் காத்துத் தொடங்கிடும், முகத்துக்கு நேர காத்து அடிச்சா பொப்பர் திரும்பி உங்கட காதில வந்து விழும், அதால காத்து முதுகுப் பக்கம் படுற மாதிரி நிண்டுக்கங்க. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில உள்ளூர்ப் பக்கம் புழுதி வேற கிளம்பும், கண்ணாடி போடாம நிக்க ஏலாது. விடிய வெள்ளென காத்து இல்லாம அமைதியா இருக்கும், ஆனா புல்லில பனி கிடக்கும், தோல் நனைஞ்சா ஊறி இழுபடும், நைலோன் நனைஞ்சா பாரம் கூடும், அதனால பனி காயுற வரைக்கும் ஒரு பிளேன்டி குடிச்சிட்டு ஏழரை எட்டு மணி போலத் தொடங்கினா எல்லாத்துக்கும் தோது.

கிறவல் ரோட்டு, கார்பட் ரோட்டு, சீமெந்து முற்றம், இன்டர்லொக் கல் பதிச்ச இடம், இதெல்லாத்துக்கும் ஒரே பதில்தான், வேணாம். கிறவலில இன்னொரு ஆபத்து, இழுபடுற நுனி சின்னக் கல்லைத் தூக்கி எறியும், எங்க போய்ப் படும் எண்டு சொல்ல ஏலாது. வாவிக் கரையில கண்டல் பக்கத்துச் சேறும் அப்பிடித்தான், உப்புச் சேறு காஞ்சா பின்னலில இருந்து கழராது.

வீட்டு வளவை விட்டா வேற இடமே இல்ல, அதுவும் மண் தரை எண்டு சொல்ற ஆக்களுக்கு ஒரு வழி இருக்கு. பழைய கார்ப்பட்டோ செயற்கைப் புல்லு மெட்டோ கிடைச்சா அதை விரியுங்க. எல்லாரும் அதைக் காலுக்குக் கீழதான் விரிப்பாங்க, அது பிழை, காலுக்கு மண் காணும். சாட்டை விழுற இடம் உங்களுக்கு முன்னால ஒரு எட்டு அடியில இருந்து, பின்னாலயும் அதே தூரம், அந்த ரெண்டு இடத்திலயும் விரியுங்க, நாலு மூலைக்கும் முளை அடிச்சு முளைத் தலையை மண்ணோட மட்டமா இறக்கி விடுங்க. நெல்லுக் காயப் போடுற படங்கு, தறப்பாள் எல்லாம் மலிவுதான், ஆனா மடிப்பு விழுந்தா நுனி அதுக்குள்ள போய் நுழையும், இழுத்துக் கட்டினா மட்டும் சரி. பன்பாய் வேணாம், ரெண்டு நாளில ஓரம் பிரிஞ்சு நார் கிளம்பிடும், வீட்டில அம்மாட்ட ஏச்சும் வாங்கணும்.

நிலம் சரி, இனிச் சத்தம். இடம் தெரிவு செய்யக்குள்ள இதை யோசிக்காம விட ஏலாது, நம்மட மாவட்டங்களில இன்னும் கூடவே யோசிக்கணும். நல்லா விழுந்த ஒரு சொடுக்கு தூரத்தில இருந்து கேக்கிற ஆளுக்குச் சாட்டை எண்டு விளங்காது, வெடி எண்டுதான் விளங்கும். யுத்தம் 2009ல முடிஞ்சாலும் அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு படபடக்கிற பெரிய ஆக்கள் ஒவ்வொரு ஊரிலயும் இருக்காங்க. ஆமி காம்ப், எஸ்டிஎஃப் (விசேட அதிரடிப் படை) காம்ப், பொலிஸ் இதுகளுக்குக் கிட்ட நிக்கவே வேணாம். பக்கத்து வளவுகளுக்கு முதலே சொல்லி வையுங்க, ஒருக்கா கூப்பிட்டுக் காட்டினாலும் நல்லம், பார்த்திட்டாப் பயம் போயிடும். வயல் பக்கத்தில எண்டா யானை வெடி போடுறாங்க எண்டு நினைச்சு ஆக்கள் டோர்ச்சோட வருவாங்க, "என்ன மனே, எத்தனை யானை நிக்குது?" எண்டு ஒரு பெரியவர் வந்து கேட்டா சிரிக்காம விசயத்தைச் சொல்லுங்க. பள்ளி வாங்கு நேரம், கோயில் பூசை நேரம், பரீட்சைக் காலம் எல்லாம் பாத்து நடக்கிறது ஊருக்குள்ள இருக்கிற ஆளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. கட்டிப் போட்டிருக்கிற மாடு கிட்ட நிண்டாலும் தள்ளிப் போங்க, கயிறை அறுத்திட்டு ஓடும். உங்கட காதுக்கும் பஞ்சோ இயர் பிளக்கோ வைச்சுக்கங்க, நீளக் கைச் சேட், லோங்ஸ், சப்பாத்து, அகலத் தொப்பி, கண்ணாடி, இதெல்லாம் எந்த நிலத்திலயும் மாறாது.

மாரி தொடங்கினா நவம்பரில இருந்து ஜனவரி வரைக்கும் வெளி நிலம் ஒண்டும் நம்ப ஏலாது, கிரவுண்ட் சதுப்பாக் கிடக்கும், புல்லு முழங்கால் மட்டத்துக்கு வரும். அந்த நேரம் பொதுக் கட்டடம், கழக ஹோல் எண்டு ஏதும் கிடைச்சா பாவிக்கலாம், டைல் தரையோ பலகைத் தரையோ சாட்டைக்கு நல்லம், உராய்வு குறைவு. போனதும் முதல்ல கூட்டுங்க, செருப்பில வந்த மணல் பருக்கை நாலு கிடந்தாலே வழுவழுப்பான டைலும் சாண்ட் பேப்பராப் போயிடும். ரப்பர் அடி வைச்ச சப்பாத்துப் போடுங்க, டைலில வெறுங்கால் வியர்த்தா வழுக்கும். ஆனா 6 அடிச் சாட்டையைத் தலைக்கு மேல சுத்த 15 அடிக்கு மேல உயரம் வேணும், சாதாரண ஹோலில ஃபேன் தொங்கும், சுவரில பட்டு எதிரொலிக்கிற சத்தம் காதைப் பிளக்கும். அதனால உள்ளுக்குள்ள பொப்பரைக் கழட்டிட்டு, தலைக்கு மேல ஒண்டும் செய்யாம, சாட்டையைப் பின்னால நேரா நீட்டி வைச்சு, கையை மெதுவா முன்னுக்குக் கொண்டு போய், அந்த வளைவு தரையோட உருண்டு போய்க் கடைசியில ஃபோல் நேரா விரியுதா எண்டு மட்டும் பாருங்க. வளைவு ஒரு பக்கம் சாஞ்சா உங்கட கை கோணலாப் போகுது எண்டு அர்த்தம், டைல் கோட்டுக்கு நேரா நிண்டு அடிச்சா அது எவ்வளவு கோணல் எண்டும் கண்ணுக்குத் தெரியும், புல்லில இது தெரியாது.